சிரித்த கணக்கு

சில வருடங்களுக்கு முன்பு திண்டுக்கல்லில் ஒரு கல்யாணம். நண்பர் வீட்டு விசேஷம். தாலி கட்டி முடிந்து, எல்லோரும் பந்தியில் இடம் பிடிக்க ஓடிய நேரம். மண்டபத்து வாசல் பக்கம் சின்னதாக ஒரு கூட்டம். நடுவில் ஒரு பெரியவர். சலவை வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் மஞ்சள் பை. எங்கேயோ பார்த்த முகம்.

எங்கேயோ என்ன எங்கேயோ... நம் வீட்டு ஹாலில்தான்! பெரிய காமெடி நடிகர்களின் பக்கத்தில் நிற்பார். அவர்களோடு சேர்ந்து திட்டம் போடுவார். திட்டம் சொதப்பியதும் முதல் அடி இவருக்குத்தான் விழும். அடி விழுந்ததும் தொண்டையிலிருந்து ஒரு விநோதமான சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் அவருடைய முத்திரை.

அவர் பெயரை நான் சொல்லவில்லை. சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. முகத்தைக் காட்டினால் சிரித்துவிடுவீர்கள்.

“சார், அந்த சவுண்டு ஒரே ஒரு தடவை!” என்றான் ஒரு காலேஜ் பையன். செய்தார். இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மா, “பாப்பாவுக்காக சார்...” செய்தார். சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு வந்த ஒரு மாமா, “அடடே, நான் பாக்கலையே!” செய்தார். நான் பார்த்தவரை ஏழு முறை. பிறகு கடைசிப் பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் மறுபடி பார்த்தேன். அவரே என்னிடம் வந்தார். “தம்பி, மண்டபத்துல பார்த்தோமே...” என்று ஆரம்பித்து, கொஞ்சம் தயங்கி, “ஒரு இருநூறு ரூபா இருக்குமா? ஒரு எடத்துலேர்ந்து பணம் வரணும். வந்ததும் குடுத்துடறேன்” என்றார். உடனே எடுத்துக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “திருப்பியெல்லாம் தர வேணாம் சார், வெச்சுக்குங்க” என்றும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தன் பஸ்ஸைத் தேடிப் போனார்.

எனக்கு மனசெல்லாம் குளுகுளுவென்று இருந்தது. ஒரு கலைஞனுக்கு உதவிவிட்டோம்! பாரி, ஓரிக்கு அடுத்து நான்தான் என்ற நினைப்போடு என் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்டக்டர் டி.வி-யைப் போட்டார். காமெடி கலெக்‌ஷன். மூன்றாவதோ நான்காவதோ சீனில் திரையில் அவர்! பளாரென்று அடி விழுகிறது. அதே சத்தம். பஸ்ஸே குலுங்கிச் சிரிக்கிறது. டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரிக்கிறார். முன் சீட்டில், காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது போன்ற முகத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது. இந்த பஸ்ஸில் நாற்பது பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு, பஸ்ஸுக்குக் காசில்லை.

நான் அவருக்குக் கொடுத்தது தானமா, அல்லது என்றோ கொடுத்திருக்க வேண்டிய பாக்கியில் ஒரு சின்ன தவணையா?

*

‘திருவிளையாடல்’ தருமியை மறந்திருக்க மாட்டீர்கள். 1965-ல் வந்த படம். பாண்டியன் சபையில் ஆயிரம் பொற்காசு பரிசு. பாட்டு எழுதத் தெரியாத ஏழைப் புலவன் கோயில் மண்டபத்தில் தனியாகப் புலம்புகிறான். அந்தக் காட்சிக்கு நாகேஷ் ஒன்றரை நாள்தான் கால்ஷீட் கொடுத்தார் என்று சினிமாக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் புலம்பலில் பாதி அவரே அந்த இடத்தில் இட்டுக்கட்டியது என்றும் சொல்வார்கள்.

ஒன்றரை நாள் வேலை. அறுபது வருடச் சிரிப்பு.

தியேட்டரில் ஓடியது. பிறகு அந்தப் படத்தின் கதை வசனம் ஒலிநாடாவாக வந்து, கோயில் திருவிழாவிலும் காதுகுத்திலும் குழாய் ஸ்பீக்கரில் அலறியது. சென்னையில் தூர்தர்ஷன் 1975-ல் வந்தது. அப்புறம் தனியார் சேனல்கள். 24 மணி நேரமும் காமெடி மட்டுமே போடுகிற சேனல்கள். இப்போது செல்போனில் ஒரு நிமிடத் துண்டுகள். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவருக்கு அதனால் வருமானம். நாகேஷ் வாங்கியது 1965-ல் அந்த ஒன்றரை நாளுக்கான சம்பளம்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். கதையில் தருமி, தான் எழுதாத பாட்டுக்குப் பரிசு கேட்டு சபைக்குப் போகிறான். ‘இது உன் பாட்டுதானா?’ என்று கேட்டு மடக்குகிறார்கள். தருமியாக நடித்தவரோ, தன் சொந்தச் சரக்கை முழுசாகக் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அடுத்த ஷூட்டிங்குக்குப் போய்விட்டார். ‘இது யாருடைய சிரிப்பு?’ என்று எந்த நக்கீரரும் எழுந்து கேட்கவில்லை.

*

இதை என் ஆடிட்டர் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் உணர்ச்சிவசப்படாத ஆள்.

“உன் வீட்டு நாற்காலியைச் செய்த ஆசாரிக்கு, நீ உட்காரும்போதெல்லாம் காசு குடுக்கறியா?” என்றார்.

நியாயமான கேள்விதான். ஆசாரி கூலி வாங்கினார், முடிந்தது. கொத்தனார் கூலி வாங்கினார், முடிந்தது. நடிகன் மட்டும் என்ன உசத்தி?

நண்பர் விடவில்லை. “படம் ஊத்திக்கிட்டா நடிகன் சம்பளத்தைத் திருப்பித் தர்றானா? வீட்டை அடமானம் வெச்சுப் படம் எடுத்துத் தெருவுக்கு வந்த தயாரிப்பாளர் எத்தனை பேர்! நஷ்டம் அவனுக்குன்னா லாபமும் அவனுக்குத்தானே?”

இதுவும் நியாயம். இரண்டு நாள் யோசித்துதான் பதில் சொல்ல முடிந்தது.

நாற்காலியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். உட்கார உட்காரத் தேயும். ஒரு நாள் கால் ஆடும். ஆசாரியை மறுபடி கூப்பிட்டாக வேண்டும். அவர் பிழைப்பு அதில் ஓடும். சிரிப்பு தேய்வதில்லை. ஒரு கோடிப் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் அதன் கால் ஆடுவதில்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் நாற்காலி ஆசாரி மாதிரிதான். ஊர் சிரிக்க வேண்டுமென்றால் அவன் நேரில் வந்து ஆடியாக வேண்டும். ஆடிய ராத்திரிக்குக் கூலி. கேமரா வந்த பிறகு சிரிப்பு வேறு, ஆள் வேறு என்று பிரிந்துவிட்டது. ஆள் இல்லாமலே சிரிப்பு கிடைக்கும். ஆளுக்கு வயதாகும், சர்க்கரை வரும், மூட்டு வலிக்கும். சிரிப்புக்கு எதுவும் வராது.

அதைவிட முக்கியமான விஷயம், 1965-ல் கையெழுத்துப் போட்டபோது எதை விற்கிறோம் என்று விற்றவருக்கும் தெரியாது, எதை வாங்குகிறோம் என்று வாங்கியவருக்கும் தெரியாது. வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி வரும், சட்டைப் பையில் ஒரு தியேட்டர் இருக்கும் என்று இருவருமே கனவு கண்டதில்லை.

உபன்யாசங்களில் ஒரு கதை சொல்வார்கள். ஒருவன் நிலம் வாங்கினான். உழுதபோது ஒரு குடம் பொன் கிடைத்தது. ‘நான் நிலத்தைத்தான் வாங்கினேன், பொன் உன்னுடையது’ என்று விற்றவனிடம் கொண்டுபோனான். ‘விற்ற பிறகு உள்ளே இருப்பதெல்லாம் உன்னுடையது’ என்று அவன் வாங்க மறுத்தான். வழக்கு ராஜாவிடம் போனது. நாளைக்கு வாருங்கள் என்றார் ராஜா. ராத்திரி கலியுகம் பிறந்துவிட்டது. மறுநாள் காலையில் இருவரும் வந்து, ‘பொன் எனக்குத்தான்’ என்று சண்டை போட்டார்களாம்.

நம் சினிமாவில் அந்தச் சண்டைகூட நடக்கவில்லை. குடம் கிடைத்த செய்தியே விற்றவனுக்குப் போய்ச் சேரவில்லை.

*

“நல்லா சம்பாதிச்ச காலத்துல சேர்த்து வெச்சிருக்கணும் சார்!” என்பது அடுத்த வாதம். இதைச் சொல்லாதவர்கள் இல்லை. மூன்று பேர் வாழ்க்கையை மட்டும் பார்ப்போம்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்தவர். உச்சத்தில் இருந்தபோது 1944 கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். 1947-ல் விடுதலையாகி வெளியே வந்தார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு. சம்பாத்தியத்தில் எவ்வளவு கரைந்திருக்கும் என்று யோசியுங்கள். அதற்கு முன்னும் பின்னும் அவர் கை மூடியதில்லை. கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். 1952-ல் ஒரு படம் இயக்கினார். அதன் பெயரே ‘பணம்’! அவரிடம் மட்டும் அது தங்கவில்லை. 1957-ல் நாற்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தார்.

ஜே.பி.சந்திரபாபு. தூத்துக்குடிக்காரர். வாய்ப்புக் கிடைக்காத விரக்தியில் ஸ்டுடியோவிலேயே விஷம் குடித்தவர். பிழைத்து எழுந்து, பாடி ஆடிச் சிரிக்க வைத்து, லட்ச ரூபாய் சம்பளம் வாங்கிய முதல் நகைச்சுவை நடிகர் என்று பேசப்படும் அளவுக்கு உயர்ந்தார். கார் மாடி வரைக்கும் ஏறிப் போகும்படி ஒரு பங்களா கட்டினார். ‘மாடி வீட்டு ஏழை’ என்று சொந்தப் படம் தொடங்கினார். படம் பாதியில் நின்றது. வீடு போனது. மாடி வீட்டு ஏழை என்ற தலைப்பு அவருக்கே பலித்தது. 1974-ல் இறந்தபோது வயது நாற்பத்தாறு.

நாகேஷ். தாராபுரத்துக்காரர். ரயில்வேயில் குமாஸ்தா. நாடகம், பிறகு சினிமா. ஒரே நாளில் நாலைந்து படங்களுக்கு ஓடி ஓடி நடித்த காலம் உண்டு. சென்னை தி.நகரில் தியேட்டர் கட்டினார். பின்னாளில் அது கல்யாண மண்டபமானது. ஏற்றமும் பார்த்தார், இறக்கமும் பார்த்தார். 1994-ல் வந்த ‘நம்மவர்’ படத்துக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது. 2008-ல் ‘தசாவதாரம்’ வரை நடித்துவிட்டு, 2009 ஜனவரியில் விடைபெற்றார்.

ஒருவர் கொடுத்தார், ஒருவர் பந்தயம் கட்டினார், ஒருவர் கட்டடம் கட்டினார். மூவருக்கும் மூன்று குணம், மூன்று விதி. நம் பக்கத்துக் கணக்கு மட்டும் மூவருக்கும் ஒன்றுதான். மூவரையும் பார்த்து நாம் சிரித்தோம், இன்னும் சிரிக்கிறோம். கடன் கொடுத்தவன் ஊதாரி என்பதால் கடன் தள்ளுபடி ஆகிவிடுமா? பேங்க்கில் போய்ச் சொல்லிப் பாருங்களேன்!

இவர்களாவது பெரிய பெயர்கள். திண்டுக்கல் பெரியவர் மாதிரி இருப்பவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் நாள் கணக்கில்தான் சம்பளம். கூடவே பேட்டா. ‘டப்பிங் முடிஞ்சதும் பாக்கியை வாங்கிக்குங்க’ என்பார்கள். டப்பிங்குக்குக் கூப்பிடுவார்கள், அல்லது வேறு குரலை வைத்து முடித்துவிடுவார்கள். செக் திரும்பி வந்த கதைகளை வடபழனி டீக்கடைகளில் கேட்கலாம். மாதத்தில் நாலு நாள் வேலை இருந்தால் நல்ல மாதம். ஒரு பெரிய காமெடி நடிகரைச் சுற்றி ஐந்தாறு பேர் பிழைப்பார்கள். அவருக்குப் படம் குறைந்தால் அந்த ஐந்தாறு வீட்டு அடுப்பும் சேர்ந்து அணையும். இதில் சேர்த்து வைப்பது எங்கே?

*

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். கதாநாயகனுக்குப் பட்டம் கொடுக்கிறோம். தளபதி, நாயகன், ஸ்டார். காமெடி நடிகருக்கு? போண்டா மணி. அல்வா வாசு. தீப்பெட்டி கணேசன். ஓமக்குச்சி நரசிம்மன். லூஸ் மோகன். இனிஷியல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தின்பண்டம், அல்லது ஒரு கேலி. அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள், பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பெயர்தான் சோறு போட்டது. அதனால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் தன் பெயரையும், ஒல்லியான உடம்பையும், வழுக்கையையும், அடி வாங்கும் கன்னத்தையும் நம் சிரிப்புக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா? நடிப்புக்குச் சம்பளம் உண்டு. இதற்கு எந்த வவுச்சரில் எழுதுவார்கள்?

போண்டா மணி இலங்கையிலிருந்து வந்தவர். வடிவேலுவோடு அவர் வரும் காட்சிகளைப் பார்க்காத தமிழர் குறைவு. 2022-ல் சிறுநீரகங்கள் பழுதாகி ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் படுத்திருந்தார். சக நடிகர்கள் அவருக்காக உதவி கேட்டு வீடியோ வெளியிட்டார்கள். உதவிகள் வந்தன, வரவில்லை என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் இறந்துபோனார். அந்த வீடியோ வந்த அதே செல்போனில், அடுத்து விரலைத் தள்ளினால் அவருடைய காமெடித் துண்டு ஓடியது. துண்டுக்கு முன்னால் ஒரு விளம்பரம். அந்த விளம்பரக் காசு எங்கெங்கோ போனது.

2019 மே மாதம் நினைவிருக்கிறதா? ‘நேசமணிக்காகப் பிரார்த்திப்போம்’ என்று உலகம் முழுக்க இணையத்தில் ஒரே கூத்து. 2001-ல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் கான்ட்ராக்டர் நேசமணி தலையில் சுத்தியல் விழும். பதினெட்டு வருடம் கழித்து அந்தத் தலைக்காகத் தமிழ் தெரியாதவர்களெல்லாம் விசாரித்தார்கள். கம்பெனிகள் அதை வைத்து விளம்பரம் செய்தன. அந்தத் தலைக்குச் சொந்தக்காரரான வடிவேலுவுக்கு அப்போது கையில் படம் இல்லை. 2017-ல் ‘மெர்சல்’. அடுத்து நாயகனாகத் திரும்பி வந்தது 2022-ல். நடுவில் அந்த ஐந்து வருடமும் நாம் தினம் பத்துத் தடவை அவர் முகத்தை வைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தோம். கோபத்துக்கு ஒரு வடிவேலு, வெட்கத்துக்கு ஒரு வடிவேலு, ஆபீஸ் மேனேஜரைத் திட்ட ஒரு வடிவேலு!

*

சட்டம் என்ன சொல்கிறது?

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. பாடுபவர், நடிப்பவருக்கும் ஓர் உரிமை உண்டு என்ற பேச்சு அதில் நுழையவே 1994 ஆனது. 2012-ல் ஒரு பெரிய திருத்தம். பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு அதனால் பலம் கிடைத்தது. நடிப்பை வணிக ரீதியாகப் பயன்படுத்தினால் நடித்தவருக்கும் ராயல்டி உண்டு என்று அதே திருத்தத்தில் ஒரு வரி இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் மாதிரி அந்த வரி அழகாக இருக்கிறது. கறி சமைத்துச் சாப்பிட்ட சின்ன நடிகர் யாரையும் நான் பார்த்ததில்லை.

அந்தத் திருத்தத்தில் இன்னொரு வரியும் உண்டு. படத்தில் போகிற போக்கில் வந்துபோகிறவர், வழக்கப்படி டைட்டிலில் எங்கும் பெயர் போடப்படாதவர், சட்டத்தின் பார்வையில் ‘நடிப்பவர்’ கணக்கிலேயே வர மாட்டார். தன் நடிப்பைச் சிதைத்தால் ஆட்சேபிக்கலாம், அவ்வளவுதான். பெயர் போடாததால் உரிமை இல்லை. பெயரை ஏன் போடவில்லை என்று கேட்கவும் உரிமை இல்லை. தருமி எதிரில் இருந்திருந்தால், இதை வைத்தே இன்னொரு புலம்பல் புலம்பியிருப்பான்.

அமெரிக்காவில் இந்தச் சண்டை 1960-லேயே நடந்தது. சினிமா நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத் தலைவர் ரொனால்ட் ரீகன். பின்னாளில் ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். அந்த வருடத்திலிருந்து எடுக்கும் படங்கள் டி.வி-யில் ஓடினால் நடிகனுக்கும் பங்கு என்று முடிவானது. அதற்கு முந்தைய படங்களுக்குத் தனித்தனிப் பங்கு கிடையாது. ஒரு மொத்தத் தொகை பென்ஷனுக்கும் மருத்துவத்துக்குமாக ஒதுக்கப்பட்டது. அங்கேயும் பழைய ஆட்கள் ஏமாந்தார்கள் என்றாலும், வயதான காலத்தில் படுத்தால் வீடியோ எடுக்க வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டுக்கு அது ஓர் ஆரம்பம்.

அப்படியானால் ஒவ்வொரு சிரிப்புக்கும் மீட்டர் போட வேண்டுமா? வேண்டாம். ‘இந்தச் சிரிப்புக்கு ஐம்பது பைசா’ என்று யாராவது பில் நீட்டினால் சிரிப்பு அங்கேயே செத்துவிடும். விளம்பரம், சேனல், கம்பெனி என்று எண்ணக்கூடிய காசு இருக்கும் இடத்தில் சட்டம் எண்ணட்டும், பங்கு பிரிக்கட்டும். பஸ்ஸில் சிரித்த அந்த அம்மாவும் நானும் எந்தச் சட்டத்திலும் வர மாட்டோம். எங்கள் பாக்கி வேறு வகை.

*

திருக்குறளில் ஈகை 23-வது அதிகாரம். இல்லாதவருக்குக் கொடுப்பது பற்றியது. அதற்கு வெகு முன்னாலேயே, 11-வது அதிகாரத்தில், செய்ந்நன்றி அறிதல் வந்துவிடுகிறது. நம்மிடம் இருப்பதைப் பிறருக்குக் கொடுப்பதைப் பேசும் முன், நாம் ஏற்கெனவே பிறரிடம் வாங்கியிருப்பதைப் பேசிவிடுகிறார் வள்ளுவர். நான் பஸ் ஸ்டாண்டில் பண்ணிய தப்பு அதுதான் என்று தோன்றுகிறது. 11-வது அதிகாரத்துச் சமாசாரத்தை 23-வது அதிகாரத்தில் கொண்டுபோய் வரவு வைத்துக்கொண்டேன்.

இரண்டுக்கும் கொடுக்கிற தொகை ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஈகையில் கொடுப்பவன் உயரத்தில் நிற்கிறான். நன்றியில் கொடுப்பவன்தான் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்று ஒரு புலவர். அதியமானைப் பார்க்கப் போனார். அதியமான் அவரை நேரில் பார்க்காமலே, ‘இதை வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்’ என்று பரிசைக் கொடுத்தனுப்பினான். புலவர் வாங்கவில்லை. என்னைப் பார்க்காமல், என் தகுதி தெரியாமல் தரும் பொருளை வாங்கிப் போக நான் வியாபாரி இல்லை, தெரிந்து தந்தால் தினையளவு தந்தாலும் போதும் என்ற பொருளில் பாடிவிட்டார். வயிறு காய்ந்த மனிதரின் பேச்சு இது. அதை மறந்துவிடக் கூடாது. பசி இருக்கும்போதும் ஒரு கலைஞன் முதலில் கேட்பது தன்னைப் பார்க்கும்படிதான்.

நான் அந்தப் பெரியவரைப் பார்த்தேனா? ஏழு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டேன். பெயர் என்ன என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எங்கே தங்கியிருக்கிறீர்கள், எத்தனை வருடமாக நடிக்கிறீர்கள், அந்தச் சத்தத்தை எங்கே பிடித்தீர்கள், எதுவும் இல்லை. அவர் கடன் கேட்டார், திருப்பித் தருவதாகத்தான் கேட்டார். நான்தான் அதைப் பிச்சையாக மாற்றிக் கொடுத்தேன். வெச்சுக்குங்க என்ற அந்த ஒரு வார்த்தையில்.

ஆடிட்டர் நண்பரிடம் இதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “உங்கப்பா கடைசி மூணு மாசம் படுக்கையில கிடந்தப்ப என்னடா பார்த்துக்கிட்டிருந்தார்?” என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அப்பா நியூஸ் பார்ப்பதை நிறுத்திவிட்டிருந்தார். சினிமாவும் முழுசாகப் பார்க்க முடியாது. காமெடி சேனலைத்தான் நாள் முழுக்க ஓடவிட்டிருந்தோம். வலி தாங்காத மனுஷன், நடுநடுவே சின்னதாகச் சிரிப்பார். அந்த வீட்டில் அப்போது கேட்ட ஒரே நல்ல சத்தம் அது. அந்த மூன்று மாதத்தில் திண்டுக்கல் பெரியவரும் எத்தனையோ தடவை வந்துபோயிருப்பார். டாக்டருக்கு ஃபீஸ் கொடுத்தோம், நர்ஸுக்குக் கொடுத்தோம், கேபிள்காரருக்கு மாதா மாதம் கொடுத்தோம்.

கல்யாணம் முடிந்து மூன்று மாதம் இருக்கும். அந்த நண்பர் வீட்டுக்கு வந்தார். “உனக்கு ஒண்ணு குடுக்கச் சொன்னார்ப்பா, அன்னிக்கு மண்டபத்துக்கு வந்தாரே, அவரு. உன் பேர் தெரியாம, அடையாளம் சொல்லி என்கிட்ட விசாரிச்சிருக்கார்” என்று ஒரு கவரை நீட்டினார். உள்ளே இரண்டு நூறு ரூபாய் நோட்டு. கவர் மேல் நீல பேனாவில், ‘பஸ்ஸுக்கு வாங்கிய கைமாற்று’ என்று எழுதி, கீழே கையெழுத்து. முன்னால் எந்தப் பட்டமும் இல்லாமல், இனிஷியலோடு முழுப் பெயர்.

அவர் பெயர் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நண்பரிடம் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். அவர் கணக்கை அவர் முடித்துவிட்டார். என் கணக்கை எப்படித் தொடங்குவது என்று கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பிறகு அடித்தேன். எடுத்தவரிடம், அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசாமல், கவரில் இருந்த பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன்.